பாஸ்டனில் ஒரு சங்கம், புனேயில் ஒரு பள்ளி

வெளிமாநிலத்தில் இயங்கும் தமிழ்ச் சங்கம் எதை எடுத்துக்கொண்டாலும், அதன் ஆண்டறிக்கையில் பொங்கல் விழா, பட்டிமன்றம், நூலகம் ஆகியவற்றோடு ‘கல்வி உதவி நிதி’ என்றும் ஒரு தலைப்பு இருக்கும். நாலு பேர் சேர்ந்து, வீடு வீடாகப் போய் வசூல் செய்து, எங்கோ ஒரு ஊரில் படிக்கிற பிள்ளைக்குப் பீஸ் கட்டுவது நமக்குப் பழகிப்போன காரியம். பணம் திரட்டுவதில் உள்ள சிரமம் எல்லோருக்கும் தெரியும். பணம் போய்ச் சேர்ந்த பிறகு வருகிற சிரமத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. கொடுத்தவர் ஒன்று நினைக்கிறார், பள்ளியை நடத்துபவர் ஒன்று நினைக்கிறார், பிள்ளையைப் பெற்றவர் வேறொன்று நினைக்கிறார். இவர்களில் யார் சொல் நிற்க வேண்டும்?

இந்தக் கேள்வி நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மகாராஷ்டிரத்தில் பெரிய புயலாக அடித்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சில நல்ல மனிதர்கள் ஒரு சிறிய சங்கம் அமைத்து, நம் நாட்டு இளம் விதவைகளின் படிப்புக்காகப் பத்தாண்டுக் காலம் பணம் அனுப்பினார்கள். அதன் பெயர் ரமாபாய் சங்கம். அதை நடத்தியவர்கள் யார், எப்படி நடத்தினார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பதைச் சங்கம் நடத்துகிற நாம் தெரிந்துகொள்வது நல்லது.

பசியறிந்த பண்டிதை

பண்டித ரமாபாய் 1858ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே. பெண்களுக்கு வடமொழி கற்பிக்கக் கூடாது என்று ஊரே சொன்ன காலத்தில் மனைவிக்கும் மகளுக்கும் கற்பித்தவர். புராணம் சொல்லிக்கொண்டு தலம் தலமாக நடந்த குடும்பம் அது. 1874 வாக்கில் தெற்கே பஞ்சம் தாக்கியபோது, சில மாதங்களுக்குள் தந்தை, தாய், அக்காள் மூவரையும் ரமாபாய் பறிகொடுத்தார். மிஞ்சியவர்கள் அவரும் அண்ணன் சீனிவாசனும்தான். இருவரும் கால்நடையாகவே நாடு சுற்றி 1878இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அறிஞர்கள் கூடிய சபையில் அவருக்குப் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்கள் கிடைத்தன.

1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு விபின் பிஹாரி மேதாவி என்ற வங்க வழக்கறிஞரைச் சாதி கடந்து மணந்தார். 1882இல் கணவரும் காலரா கண்டு போய்விட்டார். கையில் ஒரு பெண் குழந்தை, மனோரமா. இருபத்து நாலு வயதுக்குள் இவ்வளவையும் பார்த்தாயிற்று. அதன் பிறகு புனே வந்து ‘ஆரிய மகிளா சமாஜம்’ தொடங்கினார். பெண் கல்விக்கு ஆசிரியைகளும் மருத்துவப் பெண்களும் வேண்டும் என்று ஹண்டர் கமிஷன் முன் சாட்சியம் சொன்னார். 1883இல் இங்கிலாந்து சென்றார். அங்கேயே கிறித்தவம் தழுவினார். பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் இந்த மதமாற்றமே வேர் என்பதால், இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு புத்தகம் கொண்டுவந்த முதல்

1886 மார்ச்சில் ஆனந்திபாய் ஜோஷி என்ற மராத்தியப் பெண் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்த விழாவுக்காகத்தான் ரமாபாய் அமெரிக்கா போனார். ஆனந்திபாய் படித்த பெண்கள் மருத்துவக் கல்லூரியின் தலைவி ரேச்சல் பாட்லி அம்மையார் அவருக்குப் பெரிய துணையாக நின்றார். அடுத்த ஆண்டே, 1887 பிப்ரவரியில், ஆனந்திபாய் காசநோயால் புனேயில் இறந்துபோனார். அதே 1887இல் ரமாபாய், உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் பாட்லி அம்மையார். சும்மா சொல்லக்கூடாது, புத்தகம் நன்றாகவே விற்றது. அந்த வருமானம்தான் பள்ளிக்கு முதல்.

ஆனால் ஒரு புத்தகத்தின் வருமானத்தை நம்பிப் பள்ளி நடத்த முடியுமா? மாதாமாதம் அரிசி வாங்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும், ஆசிரியைக்குச் சம்பளம் தர வேண்டும். ஆகவே ரமாபாய் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவர் கேட்டது ஒரே ஒரு முறை கொடுக்கும் நன்கொடை இல்லை. பத்தாண்டுக்குத் தொடர்ந்து தருவோம் என்ற உறுதியையே கேட்டார். 1887 டிசம்பரில் பாஸ்டனில் ரமாபாய் சங்கம் முறையாக அமைந்தது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ‘ரமாபாய் வட்டங்கள்’ தோன்றின. வட்டத்தில் சேர்பவர் ஆண்டுக்கு ஒரு டாலராவது தர வேண்டும். கோடீஸ்வரர் ஒருவரை நம்பாமல் சிறு கைகள் பலவற்றை நம்பிய ஏற்பாடு இது. நம்ம ஊர்ப் பிடி அரிசித் திட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

நடத்தியவர்கள் யார்?

சங்கத்தின் தலைவர் எட்வர்ட் எவரெட் ஹேல், பாஸ்டனின் புகழ்பெற்ற எழுத்தாளர், யூனிட்டேரியன் பிரிவுப் போதகர். துணைத் தலைவர்களில் பிலிப்ஸ் புரூக்ஸ் எபிஸ்கோபல் திருச்சபையைச் சேர்ந்தவர். ஜார்ஜ் கார்டன் காங்கிரிகேஷனல் பிரிவினர். பிரான்சஸ் வில்லார்ட், மதுவிலக்குக்காகப் போராடிய பெண்கள் இயக்கத்தின் தலைவி.

பெயர்ப் பலகையில் பெரியவர்கள் இருந்தாலும், வேலையெல்லாம் நடந்தது செயற்குழுவில்தான். இது எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும் உண்மை என்பது அன்பர்களுக்குத் தெரியாததல்ல! அந்தச் செயற்குழுவின் தலைவி ஜூடித் ஆண்ட்ரூஸ் என்ற பாஸ்டன் அம்மையார். பள்ளியோடு தொடர்பு வைத்து, வட்டங்களுக்குத் தெரிவித்து, ஆண்டுக் கூட்டம் கூட்டி, அறிக்கை அச்சிட்டு ஒவ்வோர் ஆண்டும் கணக்கை முன்வைத்த அமைப்பு அது. சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆசிரியை சாரா ஹாம்லின் அமெரிக்காவில் வட்டங்கள் அமைக்க உதவியதோடு, பள்ளி தொடங்கிய காலத்தில் இந்தியாவுக்கே வந்து துணை நின்றார்.

இவர்கள் எல்லோரும் கிறித்தவர்கள். ஆனால் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒருவர் கொள்கை இன்னொருவருக்கு ஆகாது. ஆகவே பள்ளியில் எந்தப் பிரிவின் சமயமும் போதிக்கப்படாது என்று விதி செய்தார்கள். இந்து விதவைகளைச் சேர்க்க வேண்டுமானால் இந்தியாவிலும் அந்த உறுதி தேவைப்பட்டது. ஆக, ஒரே விதி இரண்டு தேவைகளைத் தீர்த்தது. அதுவே பின்னால் இரண்டு விதமாகப் படிக்கப்பட்டது.

சௌபாத்தியில் ஒரு வீடு

1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாய் சௌபாத்திக் கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் ‘சாரதா சதன்’ திறக்கப்பட்டது. சாரதா என்றால் கலைமகள். பெயரிலேயே ஒரு செய்தி இருந்தது. திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கியவர் மராத்தி எழுத்தாளர் காசிபாய் கானிட்கர். ஒரு பொது நிகழ்ச்சிக்குப் பெண் தலைமை தாங்குவதே அன்று அதிசயம்.

தொடக்கத்தில் வந்த மாணவியரை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் கோதுபாய். சிறுமியாக இருந்தபோதே கணவனை இழந்தவர். அவருடைய அண்ணன் பம்பாயில் இருந்ததால் தங்கையைத் துணிந்து சேர்த்தார். தாலி அறுத்த பெண்ணை ஒரு மூலையில் உட்கார வைத்த காலத்தில், அவள் கையில் பலகையும் பாடப் புத்தகமும் கொடுத்தது லேசான காரியமா? தலையை மழிக்க வேண்டியதில்லை, அவரவர் ஆசாரப்படி உண்ணலாம், பூஜை செய்யலாம் என்பது சதனின் ஏற்பாடு. அமெரிக்காவில் கற்றுவந்த மழலையர் கல்வி முறையையும் ரமாபாய் கொண்டுவந்தார். ஆசிரியையாக வேலை பார்த்துச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதே நோக்கம்.

பம்பாயில் செலவு கட்டுப்படியாகாமல் 1890இல் பள்ளி புனேக்கு மாறியது. மகாதேவ கோவிந்த ரானடே, ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் போன்ற பெரியவர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்து ஊக்கம் கொடுத்தார்கள். ரானடேயின் பெயரைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் பெண்ணை அனுப்பின என்றால் மிகையில்லை.

திறந்திருந்த கதவு

புனே அன்று வைதிகத்தின் கோட்டை. திலகரின் ‘கேசரி’ இதழ் சதனைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. பள்ளி என்ற பெயரில் மதமாற்றம் நடக்கிறது என்பது குற்றச்சாட்டு.

நடந்தது என்ன? ரமாபாய் வகுப்பில் கிறித்தவம் போதிக்கவில்லை. ஆனால் காலையில் மகளோடு தன் அறையில் ஜெபம் செய்வார். அறைக் கதவைச் சாத்துவதில்லை. அம்மாவைப் போல நேசித்த பெண்கள் சிலர் தாமாகவே போய் உட்கார ஆரம்பித்தார்கள். ‘என் நம்பிக்கையை நான் யார் மேலும் திணிக்கவில்லை, அதற்காக அதை ஒளித்துவைக்கவும் முடியாது’ என்பது ரமாபாயின் நிலை.

ஆலோசனைக் குழுவினருக்கு இது ஒப்பவில்லை. பெற்றோர் நம்பி ஒப்படைத்த சின்னப் பெண்கள் இவர்கள், தங்குவதும் உண்பதும் ரமாபாயின் நிழலில்தான், அப்படிப்பட்ட இடத்தில் ‘விருப்பப்பட்டு வந்தார்கள்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர்கள் கேட்டார்கள். 1893 ஆகஸ்டில் ரானடேயும் பண்டார்கரும் குழுவிலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். உடனே இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை அவர்கள் வீட்டார் வந்து அழைத்துப் போய்விட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரானடேயும் பண்டார்கரும் மதவெறியர்கள் அல்லர். பிரார்த்தனா சமாஜத்துச் சீர்திருத்தவாதிகள். விதவைகள் படிக்க வேண்டும் என்று ரமாபாய்க்கு முன்பிருந்தே பாடுபட்டவர்கள். ரமாபாயும் வஞ்சகர் அல்லர். தன் மதத்தை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. பாஸ்டன்காரர்களும் சூது செய்யவில்லை. மூன்று தரப்பும் யோக்கியமானவர்கள்தான். அப்படியிருந்தும் பள்ளி ஆட்டம் கண்டது. ‘சமயம் போதிக்கப்படாது’ என்ற ஒரு வரியை ரமாபாய் ‘திணிக்க மாட்டேன்’ என்று படித்தார். ரானடே ‘அந்தக் காற்றே படக் கூடாது’ என்று படித்தார். விதியை எழுதியபோது இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அதன் பொருளைப் பேசித் தீர்க்கவில்லை. பெற்றோரோ அந்த மேஜைக்கு அருகிலேயே இல்லை.

பாஸ்டன் என்ன செய்தது?

இப்படி ஒரு நெருக்கடி வந்தால் தூரதேசத்துச் சங்கம் இரண்டில் ஒன்றைச் செய்யும். ‘நமக்கேன் வம்பு’ என்று பணத்தை நிறுத்திவிடும், இல்லாவிட்டால் ‘நம்ம ஆள் செய்தால் சரி’ என்று கண்ணை மூடிக்கொள்ளும். ரமாபாய் சங்கம் இரண்டையும் செய்யவில்லை. ஆண்ட்ரூஸ் அம்மையாரே கப்பலேறி இந்தியா வந்தார். பள்ளியை நேரில் பார்த்தார். திரும்பிப் போய்ச் சங்கத்திடம் அறிக்கை தந்தார். சங்கம் ரமாபாய் மீது நம்பிக்கை தெரிவித்துப் பணம் அனுப்புவதைத் தொடர்ந்தது.

அந்த முடிவு சரியா என்பதில் இரு கருத்து இருக்கலாம். உள்ளூர்க் குழு போனபின் புதிதாக ஒரு உள்ளூர்க் குழுவின் நம்பிக்கையைத் தேடாதது குறை என்றே எனக்குத் தோன்றுகிறது. பணம் தொடர்ந்து வந்தது, ஊர் நம்பிக்கை திரும்பி வரவில்லை. ஆனாலும் அறிக்கைகளை மட்டும் நம்பாமல் ஆள் வந்து பார்த்த அந்தப் பொறுப்பையும், பத்தாண்டு என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றியதையும் மெச்சத்தான் வேண்டும்.

புரூக்ளினில் எழுந்த கேள்வி

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்க வட்டங்கள் பணம் திரட்ட வேண்டுமானால் இந்திய விதவையின் துயரத்தைச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அந்தச் சித்திரம் கறுத்துக்கொண்டே போனது. 1895இல் சுவாமி விவேகானந்தர் நியூயார்க்கை ஒட்டிய புரூக்ளினில் பேசியபோது, இந்தியப் பெண்களின் நிலை பற்றி அங்கே பரவியிருந்த இந்தச் சித்திரத்தை மறுத்தார். அவ்வூர் ரமாபாய் வட்டத்தார் வெகுண்டெழுந்தார்கள், பத்திரிகைகளில் சச்சரவு நடந்தது. சுவாமிகள் வாயால் மறுத்ததோடு நிற்கவில்லை. வங்காளத்தில் பராநகரில் சசிபத பானர்ஜி நடத்திவந்த இந்து விதவைகள் பள்ளிக்காக ஒரு சொற்பொழிவு ஆற்றி அதன் வருமானத்தைக் கொடுத்துதவினார்.

துயரம் பொய்யில்லை. ரமாபாய் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். அதே சமயம், உதவி கேட்பதற்காக ஒரு சமூகத்தின் புண்ணை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால், உதவி பெறுபவருக்கே அது தலைகுனிவாகிவிடுகிறது. ஏழை மாணவனை மேடையேற்றி, காசோலையைக் கையில் கொடுத்துப் போட்டோ பிடிக்கும்போது அவன் முகத்தை நாம் பார்ப்பதுண்டா? புரூக்ளின் சண்டை இன்னும் முடியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பத்தாண்டுக்குப் பின்

ஒப்பந்தம் முடிந்தபின் பிறரை எதிர்பார்க்காமல் பள்ளி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ரமாபாய் கேட்காவ் என்ற இடத்தில் நிலம் வாங்கிப் பழத்தோட்டம் போட ஏற்பாடு செய்தார். விதி வேறு மாதிரி இருந்தது. 1896-97இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம். பசியில் தாய் தந்தையை இழந்த ரமாபாய் சும்மா இருப்பாரா? சில நூறு பெண்களைக் கூட்டிவந்தார். புனேயில் பிளேக் நோய். நகரில் வைத்திருக்க முடியாமல் தோட்டத்து நிலத்திலேயே கொட்டகை போட்டுத் தங்கவைத்தார். அதுவே ‘முக்தி’ இல்லமாக வளர்ந்தது. அங்கே பழைய நிபந்தனை இல்லை, அது வெளிப்படையாகவே கிறித்தவ நிலையம். 1898இல் ரமாபாய் மறுபடி அமெரிக்கா போய்ப் பத்தாண்டுக் கணக்கை நிறைவு செய்தார். பழைய சங்கத்தின் இடத்தில் ‘அமெரிக்க ரமாபாய் சங்கம்’ உருவாகி உதவியைத் தொடர்ந்தது. 1922இல் ரமாபாய் காலமானார். முக்தி இல்லம் இன்றும் இருக்கிறது. மும்பையிலிருந்து புனே, தவுண்ட் வழியாகச் சென்னைக்கு ரயிலில் போகிற நம் குடும்பங்கள் ஒவ்வொரு முறையும் கேட்காவைத் தாண்டித்தான் போகின்றன. பெரும்பாலான விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை என்பதால் நாம் கவனிப்பதில்லை.

சௌபாத்தியில் சேர்ந்த கோதுபாய் என்ன ஆனார்? அவருடைய அண்ணனின் நண்பர் தோண்டோ கேசவ் கார்வே, பெர்குசன் கல்லூரியில் கணக்கு ஆசிரியர், மனைவியை இழந்தவர். 1893 மார்ச்சில் கோதுபாயை மணந்தார். சொந்த ஊரான முருடில் சாதிவிலக்குச் செய்தார்கள். கோதுபாய் ஆனந்திபாய் கார்வே ஆனார். 1896இல் கார்வே புனேயில் இந்து விதவைகள் இல்லம் தொடங்கினார். அவர் வேறு வழியில் போனார். பணத்தை இங்கேயே சிறுகச் சிறுகத் திரட்டினார், ஊராரின் ஆசாரத்தை உடைக்காமல் படிப்பை உள்ளே கொண்டுபோனார். ஆனந்திபாயும் அந்த இல்லத்துக்காக நன்கொடை திரட்டினார். ‘மாஜே புராண்’ என்று தன் கதையையும் எழுதிவைத்தார். 1916இல் கார்வே பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் கண்டார். 1920இல் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 லட்சம் ரூபாய் வழங்க, அவர் தாயாரின் பெயரைத் தாங்கியது. மும்பை சர்ச்கேட்டில் நம் பெண்கள் படித்த, படிக்கிற எஸ்.என்.டி.டி. அதுதான். பாஸ்டனில் யாரோ கொடுத்த ஒரு டாலர் எந்தெந்த வாய்க்கால் வழியாக எங்கே வந்து பாய்ந்திருக்கிறது பாருங்கள்!

சென்னையிலும் இதே கேள்வி எழுந்தது. 1912இல் சகோதரி சுப்பலட்சுமி அரசின் துணையோடு இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கியபோது, வீட்டு ஆசாரங்களை அங்கேயும் காத்தார். பெற்றோர் நம்பிப் பெண்ணை அனுப்ப வேண்டுமே!

நமக்குச் சில பாடங்கள்

இந்த வரலாற்றிலிருந்து சங்கம் நடத்துகிற நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு. ஒன்று, ஒரு முறை தரும் பெருந்தொகையைவிடப் பத்தாண்டுக்குத் தவறாமல் வருகிற சிறுதொகையே பிள்ளையைக் கரையேற்றும். இரண்டு, ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கை அச்சிட்டுக் கொடுத்தவர் கையில் சேர்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று, நிபந்தனை எதுவானாலும், அதை எழுதும்போதே கொடுப்பவர், நடத்துபவர், பெற்றோர் மூவரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டார்களா என்று கேட்டுவிட வேண்டும். மதம் மட்டுமில்லை. எந்தப் படிப்பு, எந்த ஊர், எத்தனை மார்க், பெண்ணுக்கு நடுவில் கல்யாணம் வந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசலாம்.

படிக்கிற பிள்ளையையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது நாலாவது. 1893இல் அந்தப் பெண்களை மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு அழைத்துப் போனபோது, சங்கத்தார் பேசினார்கள், சான்றோர் பேசினார்கள், பத்திரிகைகள் பேசின. ‘நீ இருக்கிறாயா, போகிறாயா அம்மா?’ என்று அந்தப் பெண்களிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்? நம் சங்கத்தின் அடுத்த உதவித் தொகை விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கும் ஒரு வரி இடம் விட்டுவைப்போம்.